நல்லூர்த் தேருக்கு இருந்த இருமல் தீபாவளிக்கும் இருக்கிறதா?

“தம்பி, இருமலுக்கு நல்ல பாணி மருந்து ஒண்டு தாரும்.”

தீபாவளிக்கு முந்தின கிழமை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஐயா. அது அவர் வாங்கும் மூன்றாவது போத்தல். “எத்தினை நாளா ஐயா இருமல்?” என்றேன். “இப்ப கொஞ்ச நாளாத்தான்” என்றார்.

மருந்தாளராக வேலை செய்த காலம் முழுவதும் நான் அதிகம் கேட்ட பதில் அதுதான். கொஞ்ச நாள் என்றால் மூன்று நாளாகவும் இருக்கலாம், மூன்று மாதமாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் இருமலின் சத்தத்துக்கும் தன்மைக்கும் சொல் தாராளமாக உண்டு: வறட்டிருமல், சளியிருமல், புகைச்சல், செருமல், முட்டு, குக்கல். வேலிக்கு அந்தப் பக்கம் இருமுகிறவர் யார், அவருக்கு என்ன இருமல் என்று இந்தப் பக்கத்தில் இருந்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் நாளை எண்ணுகிறவர் குறைவு. வைத்தியருக்கு முதலில் வேண்டியதோ நாள்கணக்குத்தான்.

அதனால் நான் நாளைக் கேட்பதை விட்டுவிட்டுத் திருவிழாவைக் கேட்கத் தொடங்கினேன். “நல்லூர்க் கொடியேறேக்க இருந்ததோ? தேருக்கு?” இது நல்லாக வேலை செய்தது. மருத்துவக் கணக்கோடும் வியப்பாகப் பொருந்தியது. வளர்ந்தவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் அடங்குவது குறுகிய கால இருமல். எட்டு வாரத்தைத் தாண்டினால் அது நாட்பட்ட இருமல். இரண்டுக்கும் நடுவில் உள்ளது ஒரு இடைநிலை. நல்லூரில் கொடியேறி 24ஆம் நாள் தேர், அதாவது மூன்று வாரமும் இரண்டொரு நாளும். தேர் முடிந்து தீபாவளி வர ஏறத்தாழ 60 நாள், எட்டு வாரத்தைக் கொஞ்சம் தாண்டும். கொடிக்குத் தொடங்கி தேருக்குள் நின்றால் பெரும்பாலும் பயமில்லை. தேருக்கு இருந்த இருமல் தீபாவளிக்கும் இருந்தால் அது வேறு கதை. சிறுபிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் குறுகியது: நான்கு வாரம் தாண்டினாலே நாட்பட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஐயாவிடம் பிறகு வருவோம்.

இருமல் எப்படி வருகிறது என்பதை விளக்க யாழ்ப்பாணத்தில் பாடப்புத்தகம் தேவையில்லை, தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கிற ஒரு நாள் போதும். குசினியில் தாச்சி சூடாகி இரண்டு நிமிடத்தில் விறாந்தையில் இருக்கும் அப்பா இருமுவார், அப்புறம் ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவரும் இருமுவார். மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் நரம்பு நுனிகளைத் தொடுகிறது. அந்த நுனிகளில் சூட்டை உணரவென்றே இருக்கும் ஒரு வாங்கி, காரத்தையும் சூடு என்றே எடுத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒருவருடைய இருமல் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்று அளக்க ஆராய்ச்சியாளர்கள் இன்றும் கப்சைசினைத்தான் மூச்சில் இழுக்கக் கொடுக்கிறார்கள். நமது அம்மாமார் அந்தப் பரிசோதனையை ஒழுங்கை முழுவதற்கும் இலவசமாகச் செய்கிறார்கள்.

செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. உடனே ஒரு ஆழ்ந்த மூச்சு உள்ளே வரும், குரல்நாண்கள் இறுக மூடும், வயிற்றுத் தசையும் நெஞ்சுத் தசையும் நெரிக்கும், உள்ளே அமுக்கம் ஏறும். பிறகு குரல்நாண்கள் சடாரென்று திறக்க, காற்று பீறிட்டு வெளியே வரும். தூசோ சளியோ பாதை மாறிப் போன ஒரு பருக்கை சோறோ அந்தக் காற்றோடு வெளியேறும். இதே வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குள்ளும் போகிறது. கோழிச் செட்டையால் காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். மாதக்கணக்கான இருமலோடு போனவரின் காதை டொக்டர் எட்டிப் பார்த்தால், நோயை விட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் இருமல் ஒரு காவல் வேலை. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பாரிசவாதம் வந்தவர்களிடம் பார்க்கலாம். விழுங்குவதும் இருமுவதும் தளர்ந்துபோன சிலருக்குக் கஞ்சியும் எச்சிலும் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியா ஆகிவிடும். சளி நிறைந்த நெஞ்சோடு இருக்கும் வயதானவருக்கு ‘இருமலை நிப்பாட்ட’ மருந்து கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, முதல் மூன்று வாரத்துக்கு வருவோம். இதில் பெரும்பகுதி தடிமனோடு வருகிற வைரசு இருமல். மூக்கு ஓடும், தொண்டை நோகும், காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் போகும், இருமல் மட்டும் பின்தங்கும். இங்கேதான் நமக்கும் இயற்கைக்கும் கணக்கு இடிக்கிறது. தடிமன் இருமல் ஒரு கிழமையில், கூடினால் ஒன்பது நாளில் போய்விட வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உண்மையில் அது சராசரியாக ஏறத்தாழ 18 நாள் நீடிக்கிறது. நடுவில் இருக்கிற அந்தப் பத்து நாளில்தான் அத்தனை தேவையில்லாத அன்ரிபயோற்றிக்கும் உள்ளே போகிறது. எட்டாம் நாள் ஒரு டொக்டர், பத்தாம் நாள் இன்னொருவர், பதின்மூன்றாம் நாள் மூன்றாமவர் ‘பெரிய’ மருந்து எழுதுவார். பதினெட்டாம் நாள் இருமல் தன்பாட்டில் நிற்கும். ஊர் முழுக்க அந்த மூன்றாமவரின் கைராசி பற்றிப் பேச்சாக இருக்கும். அன்ரிபயோற்றிக் வைரசைத் தொடாது. அது பற்றீரியாவுக்கான மருந்து.

“சளி பச்சையா வருது, அப்ப கிருமிதானே?” என்பது அடுத்த கேள்வி. நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிருமியோடு சண்டை போடப் போகும் வெண்குருதிக் கலங்களுக்குள் இருக்கும் ஒரு நொதியமே பச்சை நிறமானது. வைரசோடு சண்டை நடந்தாலும் சளி மஞ்சளாகும், பச்சையாகும். நிறத்தை விட்டுவிட்டு வேறு சிலதைப் பாருங்கள்: கடும் காய்ச்சல் விடாமல் அடிக்கிறதா, மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்துகிறதா, படியேறாமலே மூச்சு வாங்குகிறதா, தேறி வந்தவர் திரும்பவும் விழுந்துவிட்டாரா. அப்படியென்றால் நியூமோனியாவா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

பாணி மருந்தைப் பற்றி, அதை விநியோகித்தவன் என்ற முறையில் ஒரு வாக்குமூலம். சாதாரண தடிமன் இருமலை அவை சுருக்குகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சில போத்தல்களில் சளியை வெளியேற்றும் மருந்தும் இருமலை அடக்கும் மருந்தும் ஒன்றாகவே இருக்கும். ஒருவர் கதவைத் திறக்க மற்றவர் சாத்துகிற கதைதான். நித்திரை வரப்பண்ணும் பழைய ஒவ்வாமை மருந்து சேர்ந்திருந்தால் இரவில் கொஞ்சம் சுகமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இவற்றைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009இலேயே சொல்லிவிட்டது. 2022இல் காம்பியாவில், டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சு கலந்திருந்த பாணி மருந்துகளைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இனிப்பான மருந்து என்பதால் ஆபத்தில்லாத மருந்து என்று நினைப்பது பெற்றோருக்கு இயல்பு. எனக்கு அந்தச் செய்திக்குப் பிறகு அந்த எண்ணம் அறவே போய்விட்டது.

அப்படியானால் வீட்டுக் குடிநீர்? மல்லி, வேர்க்கொம்பு, மிளகு போட்டு அவித்துப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதில் எனக்கு எதிர்ப்பில்லை, நானும் குடிக்கிறவன்தான். சூடான நீர் தொண்டையை நனைக்கும், சளியை இளக்கும். தேனும் நல்லது, பிள்ளைகளின் இரவு இருமலைத் தேன் கொஞ்சம் தணிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு துளியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு பற்றீரியாவின் வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். வேது பிடிப்பதில் ஆவியை விடக் கொதிநீர்ச் சட்டியே எனக்குப் பயம். போர்வைக்குள் பிள்ளையையும் சட்டியையும் ஒன்றாக வைத்து, தட்டுப்பட்டு, தொடை வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வளவு மூலையில் நிற்கும் ஆடாதோடையின் கதை இன்னும் சுவையானது. அதன் இலையில் இருக்கும் வசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துத்தான் ஐரோப்பாவில் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கினார்கள். அந்த மருந்து உடம்புக்குள் போய் மாறும் வடிவம்தான் இன்னொரு பெயரில் விற்கும் அம்ப்ரொக்சோல். ஆகவே ஆடாதோடையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அதே நேரம் ஒரு பிடி இலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கண்ணால் அளக்கவும் முடியாது. கருப்பையைச் சுருங்கப் பண்ணும் குணமும் வசிசினுக்கு உண்டு, கர்ப்பிணிகள் தொடக்கூடாது. சித்த முறையில் பார்க்க விரும்பினால் கைதடி வைத்தியசாலையில் படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுச் செய்வது முறை.

பிள்ளைகளின் இருமலில் மட்டும் சத்தத்துக்கு நான் முதலிடம் கொடுப்பேன். நடுச்சாமத்தில் நாய் குரைப்பது போலக் கரகரத்த இருமல், மூச்சு உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற ஓசை: அது குரூப். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கே கூடுதலாக வரும். வைரசால் குரல்வளைப் பக்கம் வீங்குகிறது, சின்னக் குழாய் என்பதால் சின்ன வீக்கமே பெரிய அடைப்பு. அழவிட்டால் இன்னும் மோசமாகும். மடியில் நிமிர்த்தி வைத்து, ஆறுதல்படுத்தி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் ஒருமுறை கொடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்திலேயே தணியும்.

குக்கல், அதாவது கக்குவான் இருமலின் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். மூச்சு எடுக்க இடைவெளி இல்லாமல் தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, கடைசியில் ‘கூ’ என்று காற்றை இழுத்து, பிறகு சத்தி எடுப்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் நூறு நாள் இருமல் என்ற பெயரும் உண்டு. நமது நாட்டில் 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசியிலும் 18 மாதத்தில் போடும் முக்கூட்டு ஊசியிலும் இதற்கான தடுப்பு இருக்கிறது. அதனால்தான் இளம் தாய்மாருக்கு இந்தச் சத்தம் தெரியவில்லை. ஆனால் ஊசியின் பலம் வருடங்கள் போகக் குறையும். நாட்கணக்கில் இருமுகிற மாமாவோ பெரியம்மாவோ இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போது அதைக் கடத்திவிடலாம். அந்த வயதில் ‘கூ’ சத்தம் வராமலே போகலாம். குழந்தை மூச்சு விடாமல் நின்று நீலமாகும்.

இனி கச்சான். நல்லூர்த் திருவிழா என்றால் கச்சான் கடை, கச்சான் கடை என்றால் கை நிறையக் கச்சானோடு ஓடித் திரியும் பிள்ளைகள். சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிடும் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு பருப்பு மூச்சுக்குழாய்க்குள் போனால் சடுதியாக இருமல் வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விடும். அந்த அடங்கல்தான் ஏமாற்று. பருப்பு உள்ளே இறங்கி இருந்திருக்கும், அதுவும் அகலமாகவும் நேராகவும் இருக்கும் வலது பக்கக் கிளைக்குள் போக வாய்ப்புக் கூட. பிறகு கிழமைக்கணக்கில் ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இரைச்சல், திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல். கச்சான் பருப்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. ‘சாப்பிடேக்க ஒருக்கா மூச்சு முட்டினவன்’ என்ற ஒரு வசனத்தைத் தாய் நினைவுபடுத்திச் சொன்னால் வைத்தியருக்கு அதுவே பாதி விடை. ஐந்து வயது வரை முழுக் கச்சான் கொடுக்காமல் விடுவது நல்லது.

பிள்ளையின் இருமல் ஆபத்தானதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு எளிய வழி, மூச்சை எண்ணுவது. அழாமல், தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ, சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதன் பிறகு ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுபட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டு இருக்கவே வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

மூன்று வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடைப்பட்டதில் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் கிருமி போய்விட்டிருக்கும், நரம்பு நுனிகள் மட்டும் இன்னும் கூச்சத்தோடு இருக்கும். சிரித்தால் இருமல், குளிர்காற்றுப் பட்டால் இருமல், ரெலிபோனில் கதைத்தால் இருமல். எச்சரிக்கை அறிகுறி ஏதும் இல்லாவிட்டால் பொறுத்திருக்கலாம்.

எட்டு வாரம் தாண்டிய, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத, புகைக்காத ஒருவரின் இருமலுக்குப் பெரும்பாலும் மூன்று இடங்களில் காரணம் இருக்கும்: மூக்கு, மூச்சுக்குழாய், வயிறு. மூக்கென்றால் பீனிசமோ ஒவ்வாமையோ இருந்து, சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆள் இருமுவதை விடச் செருமிக்கொண்டே இருப்பார். வயிறென்றால் அமிலம் மேலேறித் தொண்டை நரம்பைச் சீண்டும். இதில் பலருக்கு நெஞ்செரிவே இருக்காது. இரவு பத்து மணிக்கு நீத்துப்பெட்டிப் புட்டு நிறையச் சாப்பிட்டு, பத்தரைக்குப் பாயில் சரிகிற வழக்கத்தை மாற்றினாலே சிலருக்குப் பாதி இருமல் போகும்.

மூச்சுக்குழாய் என்றால் ஆஸ்துமா. நமது பேச்சில் தொய்வு, முட்டு. இரைந்தால்தான் முட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரைச்சலே இல்லாமல் வறட்டிருமல் மட்டுமாக வரும் ஆஸ்துமாவும் உண்டு. கடிகாரத்தைப் பார்த்தால் பிடிபடும்: விடியப்புறம் எழுப்பும், ஓடி விளையாடினால் வரும், மார்கழிப் பனியிலும் சோளகம் கிளப்பும் செம்மண் தூசியிலும் கூடும், சாம்பிராணிக்குக் கூடும்.

இதற்கு இன்ஹேலர் என்று சொன்னவுடன் வீட்டில் ஒரு மௌனம் விழும். “பம்ப் பழகினா விடாதாம், குளிசை தாங்கோ.” ஒரு சல்பியூட்டமோல் குளிசை 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் ஒரு குளிசைக்குள் 40 அழுத்து மருந்து இருக்கிறது. குளிசை இரத்தம் முழுக்கச் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியில் நுரையீரலுக்குக் கொஞ்சம் கொடுக்கும். இன்ஹேலர் நேரே நுரையீரலுக்குப் போகிறது. எது ‘கடும் மருந்து’ என்று நீங்களே பாருங்கள். விட முடியாமல் இருப்பது நோயின் குணம், பழி மட்டும் பம்புக்கு. நீல நிறத்தது அந்த நேர அவதிக்கு. மண்ணிறத்தது வீக்கத்தைத் தணித்து வராமல் தடுக்க. சுகமாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும், எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். நமது ஆட்கள் நீலத்தைத் தேடி எடுத்து, மண்ணிறத்தை அலுமாரியில் பத்திரமாக வைப்பார்கள்.

புகைப் பக்கம் பார்த்தால், இந்த ஊரில் சுருட்டுக்கு ஒரு நீண்ட கதை உண்டு, புகையிலை நமது தோட்டப் பயிர். காலையில் எழுந்தவுடன் பத்து நிமிடம் இருமிச் சளி துப்பினால்தான் நாள் தொடங்கும் என்று வாழ்ந்த அப்புமார் அதை வருத்தமாகவே எண்ணவில்லை. அது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிக்கொண்டு வருவதன் தொடக்கம். ஒரு பீடியும் தொடாத ஆச்சிமாருக்கும் அதே வருத்தம் வந்தது, ஊமல், பொச்சு, பன்னாடை, ஈரவிறகு என்று நாற்பது ஐம்பது வருடம் அடுப்பு ஊதியதில். என் வயதுக்காரர்கள் 90களின் மண்ணெண்ணெய்க் காலத்தையும் சேர்த்துச் சுவாசித்தவர்கள். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், மண்ணெண்ணெயில் எரிந்த ஜாம் போத்தல் விளக்கு, விடிய மூக்கைச் சிந்தினால் கறுப்பு. புகை உள்ளூரில் இருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம், வடக்கே இருந்து வந்த மாசுக் காற்று யாழ்ப்பாணத்தையும் மூடியது. 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

காசநோய்க்கு வருவோம். காசம் என்றால் இருமல் என்றுதான் பொருள், இருமலையே பெயராக வைத்துக்கொண்ட நோய் இது. இதன் கிருமியைக் கண்டுபிடித்ததாக ரொபேட் கொக் அறிவித்தது 1882 மார்ச் 24. அந்த நாள்தான் இன்று உலக காசநோய் தினம். இலங்கையில் வழமையான ஆண்டுகளில் 8,000க்கும் 9,000க்கும் இடையில் புதிய நோயாளர்கள் பதிவாகிறார்கள். பின்னேரக் காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, பசியின்மை, சாரத்தை இறுக்கி இறுக்கிக் கட்ட வேண்டிய அளவுக்கு மெலிவு, சிலவேளை சளியில் இரத்தம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். ‘தடிமன் இருமலே 18 நாள் என்றீர், பிறகென்ன இரண்டு வாரம்?’ என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இரண்டு வாரம் இருமும் பெரும்பாலானோருக்குக் காசநோய் இல்லை. ஆனால் சளிப் பரிசோதனைக்குச் செலவில்லை, வலியில்லை. பிந்தினால் ஒரே அறையில் படுக்கும் எல்லோருக்கும் பரவும். அதனால் வலையை அகலமாக வீசுகிறார்கள். துப்பலைக் கொடுத்துவிட்டு வருவதில் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: காலையில் எழுந்தவுடன், அடிநெஞ்சில் இருந்து இருமி எடுத்த சளி வேண்டும்.

மாவட்டந்தோறும் இருக்கும் மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் மருந்து முழுக்க இலவசம். சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. சரியான மருந்து தொடங்கி ஓரிரு வாரத்திலேயே பெரும்பாலானோரிடம் இருந்து பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும், இருமலும் தணியும். அந்தச் சுகத்தில்தான் பலர் மருந்தை விடுகிறார்கள், கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்புகிறது. நமது ஊரில் இன்னொரு தடை, கலியாணப் பேச்சு. மகளுக்குப் பேசி வருகிற நேரம் தகப்பன் மார்பு நோய் நிலையத்தின் வாசலில் நிற்பதை யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பாணி மருந்தோடு நாள் கடத்தியவர்களை எனக்குத் தெரியும். அந்த மகளும் பிறகு அதே நிலையத்துக்கு வந்தாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுத்தால் இருமல், எழுந்து இருந்தால் சுகம், கால் வீக்கம், இளஞ்சிவப்பு நுரைச்சளி என்றால் பிரச்சினை இதயத்தில். வருடக்கணக்காகப் புகைத்தவரின் இருமல் திடீரென்று குணம் மாறினால், குரல் அடைத்துப்போனால், இரத்தம் கண்டால் புற்றுநோயை நினைக்க வேண்டும். வயல் வெள்ளத்தில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் இரத்தச் சளியும் வந்தால் எலிக்காய்ச்சல் நுரையீரலைத் தாக்கியிருக்கலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் நேர்ந்த சாவுகள் அந்த நோயை எல்லோருக்கும் நினைவுபடுத்தின. தூங்கியவுடன் அறவே நின்றுபோகும் பள்ளிப் பிள்ளையின் இருமல் பழக்கத்தாலோ மனப்பாரத்தாலோ வருவதாகவும் இருக்கலாம், அதட்டினால் கூடும்.

இனி ஐயா. “நல்லூர்த் தேருக்கு இருமினனீங்களோ?” என்று கேட்டேன். யோசித்தார். “ஓம், தேரடியிலை நிண்டு இருமினனான். கொடிக்கும் இருந்தது.” சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மெலிவும் இல்லை. தொண்டைக்குள் ஒரு அரிப்பு, அதன்பின் வறட்டிருமல். கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வைகாசியில் பிரஷருக்கு எனலாப்ரில் தொடங்கியிருந்தார்கள்.

நல்ல மருந்து, இதயத்தையும் காப்பாற்றுகிறது. ஆனால் அது தடுக்கும் நொதியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பது. உடையாமல் தேங்கும் பிராடிகைனின் இருமல் நரம்பைச் சீண்டிக்கொண்டே இருக்கும். கப்டோப்ரில், லிசினோப்ரிலும் இதே குடும்பம். எல்லோருக்கும் வராது, வருகிறவர்களுக்குத் தொடங்கிச் சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. எந்தப் பாணி மருந்தும் இதைத் தொடாது. குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது, பிரஷர் ஏறிவிடும். கிளினிக்கில் சொன்னால் லொசார்டான் போல வேறொன்றுக்கு மாற்றுவார்கள், பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் போகும்.

போத்தல் கொடுக்காமல் ஒரு சின்னத் துண்டெழுதி ஐயாவை அனுப்பினேன். முகம் சரியில்லாமல்தான் போனார். கார்த்திகை விளக்கீடு முடிந்த கிழமை திரும்பவும் கவுண்டரில் நின்றார். ஐந்து நிமிடம் கதைத்தார், ஒருமுறையும் இருமவில்லை.

“இது எனக்கில்லைத் தம்பி, பேத்திக்கு,” என்றார். நான் வாயைத் திறக்க முன்னமே, “விளக்கீட்டண்டு தொடங்கினது, இண்டைக்கு நாலு நாள்.”